வயிரவன் மணிக்கட்டு

வாட்சு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அதே வெள்ளை மூஞ்சி, அதே நீல முள்ளு, அதே எஃகுப் பட்டை, மூணு இருக்கவேண்டிய எடத்துல அதே குட்டிச் சன்னல்ல தேதி. ஒண்ணு முப்பத்தாறாம், இன்னொண்ணு நாப்பத்தொண்ணாம். மில்லிமீட்டர்ங்குது இந்தப் பொண்ணு. ஒரு பச்சரிசியப் படுக்கப் போட்டா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்குப் போயி கறுப்பு வெல்வெட்டுத் தட்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கைக்கு வெள்ளை உறை வேற மாட்டிக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒண்ணா உக்காரவச்ச மாதிரி வச்சுட்டு, எதைச் சொல்லப்போறேன்னு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறா. சட்டையில பேரு குத்தியிருக்கு, ஜெனிஷாவாம். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. நல்ல பொண்ணு, நான் உள்ள வந்ததும் எம் முழங்காலப் பாத்துட்டு அந்த உசரமான நாற்காலிய நகட்டிட்டுத் தாழ்வா ஒண்ணு கொண்டாந்து போட்டா. விலை சொல்றப்ப மட்டும் கொரலத் தாழ்த்திக்கிட்டா, ஆசுபத்திரியில டாக்டர் தனியாக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி. விலையில எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரவுக வச்சுட்டுப் போனது கெடக்கு. அப்புறம் கேட்டா, "சாருக்கு ரிஸ்ட் எப்படி மேடம்? ஒல்லியா, இல்ல நல்லா அகலமா?" அங்கதான் நான் நின்னு போனேன். எம் மகனுக்கு வாட்ச் வேணும்னு சொல்லிட்டுத்தானே உள்ள வந்தேன். மகன் கை எப்படின்னு கேட்டா ஒரு தாய் யோசிப்பாளா? "கொஞ்சம் இரும்மா"ன்னேன். "ஏசி ஜாஸ்தியா இருக்கா மேடம், கொறைக்கச் சொல்லட்டா?"ங்குறா. ஏசியாம்.

வயிரவன் என்னைய வாசல்ல எறக்கிவிட்டுட்டு எதுத்தாப்புலத் தையக்கடைக்குப் போயிருக்கான், கல்யாண வரவேற்புக்குத் தைச்ச ஷெர்வானியப் போட்டுப் பாக்க. அவன் வரும்போது இது பெட்டியில ஏறி, ரிப்பன் கட்டி, எம் மடியில இருக்கணும். "சுவர்க்கடிகாரம் ஒண்ணு பாக்கணும்ப்பா, நீ போய்ட்டு வா"ன்னு பொய் சொன்னேன். ஏன், இருக்குறது ஓடலையான்னு கேக்கணுமில்ல? கேக்கல. "சரிங்க"ன்னான். எல்லாத்துக்கும் சரிங்கதான். ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்சு பொண்ணு வீட்டுல எடுத்து வைக்கிறது வழக்கந்தான், சம்பந்தி ஆச்சி போன் பண்ணி என்ன கம்பெனி பிடிக்கும்னு மரியாதையாத்தான் கேட்டாக. நான்தான் வீம்பா, "அதை விடுங்க, தாய் வீட்டுலயே எடுத்துர்றோம்"னு சொல்லிட்டேன். தாய் வீடுன்னு சொல்லும்போது நாக்கு ஒரு தரம் இடறுச்சு, நல்லவேளை அவுகளுக்குக் கேக்கல. எம் வயித்துல பொறந்தவன் இல்ல அவன். எனக்குப் பொறந்தது சாலா ஒருத்திதான், சிங்கப்பூர்ல இருக்கா, அவ மகனுக்கு நான் ஆயா, அம்மாவப் பெத்தவ. ஆனா எங்க நகரத்தார்ல பொண்ணு வேற வீட்டுக்குப் போயிருவா, ஆம்பளைப்புள்ள இல்லாத வீடு கோயில் கணக்குல இல்லாமப் போயிரும். அதுக்காகப் பங்காளி வீட்டுல ஒரு பையனக் கேட்டு வாங்கி மகனாக் கூட்டிக்கிறது. தொட்டில்புள்ளையத்தான்னு இல்ல, மீசை மொளைச்சு, படிச்சு முடிச்சு, நாளைக்கிக் கல்யாணம்ங்குற பையனையும் கூட்டுவாக. எங்க வீட்டுக்காரவுக இருந்தவரைக்கும் பாக்கலாம் பாக்கலாம்னே தள்ளிப்போட்டாக. அவுக போன பொறகு, இந்தத் தையிலதான், பங்காளிகளா உக்காந்து பேசி, தெய்வானை மகன் கதிரேசனை எனக்குக் கூட்டி வச்சாக. ஒரு வெள்ளிக் கிண்ணத்துல மஞ்சத்தண்ணி. அதுல ஒரு மடக்கு குடிக்கணும், அவ்வளவுதான். காலையில கதிரேசனா எந்திரிச்சவன் மத்தியானம் எம் மாமனார் பேரோட வயிரவனா எங்க வீட்டு எலையில உக்காந்தான். வயிரவான்னு கூப்பிட்டா இன்னமும் ஒரு கணம் கழிச்சுத்தான் திரும்புவான். அந்த ஒரு கணத்துல அவன் எங்க போயிட்டு வாரான்னு எனக்குத் தெரியும், கேக்கமாட்டேன். அவனும் என்னைய இன்னும் ஒண்ணும் கூப்பிடல. முந்தி பெரியாத்தாம்பான். இனிமே ஆத்தான்னு சொல்லணும். அதுவுமில்லாம இதுவுமில்லாம, "இங்க பாருங்க", "வந்துங்க"ன்னு, வாசக்கதவைத் தட்டிட்டு ஒதுங்கி நிக்கிறவன் மாதிரி.

"மேடம், பெரிய சைஸ் இப்ப நல்லா மூவ் ஆகுது, யங்ஸ்டர்ஸ் எல்லாம் அதான் கேக்குறாங்க. சின்னது கிளாசிக் லுக்"ங்குறா ஜெனிஷா. "நீ யாருக்காவது எடுத்துருக்கியாம்மா?"ன்னேன். "நானா? எங்க அப்பாவுக்கு ஃபுட்பாத்துல ஒண்ணு எடுத்தேன் மேடம், ரெண்டு மாசத்துல நின்னுட்டு, இன்னும் கழட்டமாட்டேங்குறாரு. மணி கேட்டா போனைப் பாத்துச் சொல்றாரு"ன்னு சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். அதான, அதத்தான் இவனும் செய்வான். சித்திரை ஒண்ணுக்கு ஊருக்குப் போயிருந்தோம், மொத வருசப்பொறப்பு, மகனுக்கு ஏதாச்சும் எடுக்கணுமேன்னு ஒரு தோல் செருப்பு எடுத்தேன். அளவு கேக்க மனசில்ல. மகன் கால் அளவை மகன்கிட்டக் கேக்குறதான்னு, விடியக்காலம் வாசல்ல கெடந்த ஷூவத் திருப்பிப் பாத்து எட்டுன்னு மனசுல வாங்கிக்கிட்டேன். அது டிரைவர் சுப்பையாவோட ஷூ. சுப்பையா ஆளு குட்டை, நான் அதைக்கூட யோசிக்கல பாருங்க. வயிரவன் அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு நடந்தான், பங்காளி வீடு ஒவ்வொண்ணா ஏறி எறங்குனான், அந்த வெயில்ல, தார் ரோட்டுல, பொழுதுக்கும். சாயங்காலம் வீட்டு வேலைக்கு இருக்குற முருகாயி தண்ணி கொண்டுபோய் வச்சுட்டு வந்து, "ஆச்சி, தம்பிக்குக் குதிங்கால் ரெண்டும் செருப்புக்கு வெளிய நிக்குது, தோலு உரிஞ்சுகெடக்கு"ன்னா. ஓடிப்போய்க் கேட்டேன். "பரவால்லைங்க, நல்லாத்தான் இருந்துச்சு"ங்குறான். நல்லாத்தான் இருந்துச்சாம், ரத்தம் கசியுது. காப்பிக்குச் சீனி எவ்வளவுப்பான்னு கேட்டா, நீங்க போடுறபடி போடுங்கன்னுட்டான். எண்ணெ கூடிப்போனாலும் தின்னுவான், உப்பு மறந்தாலும் தின்னுவான். எழவுக்கு வந்தவுககூட ரசம் சரியில்லன்னு பந்தியிலேயே சொல்லுவாக, இவன் சொல்லமாட்டான். வீட்டுக்குள்ளயும் முழுக்கைச் சட்டை, கை முட்ட இழுத்து பட்டன் போட்டு. பனியனோட ஒரு நாள் ஹாலுக்கு வந்ததில்ல. எங்க வீட்டுல இருக்கான், எங்க வீட்டுக்கு வந்திருக்குற மாதிரி இருக்கான். நான் இப்ப இந்தத் தட்டுல இருந்து தப்பான ஒண்ணை எடுத்துட்டா, அவன் அதைக் கட்டிக்குவான். பெருசா இருந்தா வழுக்கி வழுக்கி விழ, தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டு, சின்னதா இருந்தா தழும்பு விழ விழ, ஆயுசுக்கும் கட்டிக்கிட்டு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டு. எனக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் பயம். காசு போறது பயமில்ல.

எங்க வீட்டுக்காரவுக கையி எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மணிக்கட்டுல வெளிப்பக்கம் அந்த எலும்பு, நெல்லிக்காய் மாதிரி துருத்திக்கிட்டு, அதுக்குக் கீழ வாட்ச் கட்டிக் கட்டி வெளுத்துப்போன வளையம். உடம்பு முழுக்க மலேயா வெயிலு, அந்த ஒரு வளையம் மட்டும் பச்சப்புள்ள நெறம். சாலா கையும் தெரியும், பொறந்தப்ப மடிப்பு விழுந்து, அந்த மடிப்புக்குள்ள அழுக்குச் சேந்துக்கும், எண்ணெயத் தொட்டு விரலால சுத்தி எடுக்கணும், எடுக்கும்போது கத்துவா பாருங்க, தெருவே கேக்கும். பேரன் கையி, அவனுக்கு ஒண்ணரை வயசுல நான் சிங்கப்பூர்ல போய் ஆறு மாசம் இருந்து வளத்தது, இப்ப எட்டாவது படிக்குறான், இப்பவும் போன்ல அவன் கைய ஆட்டுறப்ப என் உள்ளங்கையில அந்தக் கனம் வந்து உக்காருது. குளிப்பாட்டிவிட்ட கை மறக்காது போலருக்கு. வயிரவனை நான் குளிப்பாட்டல. அவனுக்குக் காய்ச்ச வந்து நான் நெத்தியத் தொட்டுப் பாத்ததில்ல. எனக்குத்தான் வந்துச்சு, வைகாசியில, அவன் டாக்டரக் கூட்டியாந்தான், மருந்து வாங்கியாந்தான், எல்லாம் செஞ்சான், கட்டில்ல இருந்து ஒரு கை தள்ளியே நின்னான். நான் கண்ணத் தொறந்து பாக்குறப்பல்லாம் அங்கனயே நின்னான். அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு அந்த நெனப்பு வந்துச்சு, வந்தது போகவே இல்ல, இப்ப இந்தக் கடையில, இவ்வளவு வெளிச்சத்துலயும் வந்து நிக்குது. இந்தக் கையிதானே எனக்குக் கொள்ளி வைக்கப்போவுது. அவுகளுக்கு வச்சது பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன், பேரு சட்டுன்னு வரமாட்டேங்குது, அவன் முடிச்சுட்டு அன்னைக்கி ராத்திரியே பெங்களூருக்குப் பஸ் ஏறிட்டான், பரிச்சையாம். அவன் மேல குத்தமில்ல. ஆனா அவுக கால்மாட்டுல நின்னது யாருங்குறது அவுகளுக்கே தெரியாமப் போச்சேன்னு எனக்கு ஆறல. அதுக்காகத்தான் நான் இந்தப் பையனுக்குச் சம்மதிச்சேன், கோயில் கணக்கெல்லாம் மத்தவுக சொன்ன காரணம். என்னைய எரிக்கப்போற கை எனக்குத் தெரிஞ்ச கையா இருக்கட்டும்னு. தெரியலையே இப்ப. பட்டையா, ஒல்லியா, தெரியலையே. அன்னைக்கி அவன் வாட்சக் கழட்டி வச்சுட்டு வருவானா, கட்டிக்கிட்டே வருவானா? கழட்டணும்னு ஐயரு சொல்லுவாரா? யாரு கையில குடுப்பான்? சே. என்ன நெனப்பு இது, கல்யாணச் சாமான் வாங்க வந்த எடத்துல. தண்ணி குடிக்கணும். இந்தா கொண்டாந்துட்டாளே, கண்ணாடித் தம்ளர்ல, தட்டு வச்சு. மஞ்சளா இருக்கேன்னு ஒரு நொடி பயந்துட்டேன். எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுருக்கா.

"மேடம், ஒரு ஐடியா. நம்ம ஸ்டாஃப் கையப் பாருங்க, சாரோட கைக்கு எது கிட்ட வருதுன்னு சொல்லுங்க"ன்னா. சொல்லி வாய் மூடல, மூணு பேரைக் கூட்டியாந்து நிப்பாட்டிட்டா. கணக்குப் பாக்குறவரு, கறுப்புக் கோட்டுப் போட்ட மேனேஜரு, வாசல்ல கதவு தொறந்துவிட்ட செக்யூரிட்டி. மூணு பேரும் சட்டைக்கையச் சுருட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல வாத்தியாருட்ட அடி வாங்க நீட்டுற மாதிரி எம் முன்னாடி கைய நீட்டுறாக. "அண்ணே, நல்லா மேல தூக்குங்க"ங்குறா ஜெனிஷா. "இதுக்கு மேல தூக்குனா தோள்பட்டை எறங்கிரும் தாயி"ங்குறாரு செக்யூரிட்டி. மேனேஜருக்கு வெக்கம், கையில மயிரு கரடி மாதிரி. நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். சாலா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இப்படிப் பாக்கல. வயிரவன் கையி எதுல இருந்து எனக்கு நெனப்பு வருதுன்னு தேடுனேன். ஸ்டியரிங்கப் பிடிச்சுருக்குற கை, வலது பெருவிரல்ல நகத்தக் கடிச்சுக் கடிச்சு ஓரம் தூக்கிக்கிட்டிருக்கும். எலையில சோத்தப் பெசையுற கை, மூணு விரல்தான் நனையும், சுத்தமாத் தின்னுவான். போன வாரம் பட்டுச்சேலை மூட்டையத் தூக்கிட்டு வந்த கை, அப்ப நரம்பு தெரிஞ்சுதா? தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு. விரல் வரைக்கும் வருது. உள்ளங்கை வரைக்கும் வருது. அதுக்கு மேல சட்டை. நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை, கோடு போட்டது. பட்டன் கூட நெனப்புல இருக்கு, சிப்பிப் பட்டன். அந்தப் பட்டனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியல. "எது மாதிரி மேடம்?" மூணு பேரும் காத்துக்கிட்டு நிக்கிறாக. "எது மாதிரியும் இல்லம்மா"ன்னேன். செக்யூரிட்டி பாவம், தோத்துப்போன மாதிரி சட்டைக்கைய எறக்கி விட்டுக்கிட்டுப் போறாரு.

எதுத்தாப்புலத் தையக்காரன் இப்ப டேப்பு வச்சு அந்தக் கைய அளந்துக்கிட்டிருப்பான். காசு வாங்கிக்கிட்டு அளக்குறவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆளனுப்பிக் கேக்கலாம். கேட்டா, அவன் முன்னாடியே, சார் உங்க அம்மா உங்க மணிக்கட்டு எத்தனை இஞ்ச்சுன்னு கேட்டு விட்ருக்காங்கன்னு சத்தமாச் சொல்லுவான். வேண்டாம். சாலாவக் கேட்டா, "ஆத்தா, இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் கட்டுறா, ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் குடு, நாடி பிடிச்சுச் சொல்லும்"பா. ஏற்கெனவே ஒரு தரம் சொல்லிட்டா. சொல்லிட்டு, "எனக்கு நீ இப்படிக் கடைகடையா ஏறி ஒண்ணும் எடுக்கலியே"ன்னு சிரிச்சா, சிரிப்புல கொஞ்சம் முள்ளு இருந்துச்சு. அவளுக்கு எடுக்கக் கடை ஏற வேண்டாம், கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அப்ப யாருக்குத் தெரியும்? ஒருத்திக்குத்தான் தெரியும். இந்தக் கடைக்குள்ள காலெடுத்து வச்சதுலருந்து அந்தப் பேரச் சுத்தியே வந்துக்கிட்டிருக்கேன், பக்கத்துல போகாம. தெய்வானை. பெத்தவ. எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சின்ன பங்காளி வீட்டு மருமக, என்னைவிட எளையவ, என்னைய ஆச்சிம்பா. மஞ்சத்தண்ணி குடுத்த நாள்லருந்து அவ ஒரு வார்த்தை எம் மகன்னு சொன்னதில்ல. சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லல, அவளாவே நிறுத்திக்கிட்டா. கல்யாணத்துல அவ பந்தல்ல சொந்தக்காரியா நிப்பா, மணவறைக்குப் பக்கத்துல நான் நிப்பேன். அவகிட்டப் போய், தெய்வானை, எம் மகன் கை எப்படி இருக்கும்னு நான் கேக்குறதா? கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லுவா. சொல்லிட்டுப் போனை வச்சுட்டு அழுவாளா, சிரிப்பாளா? சிரிச்சாக்கூடத் தேவலை. ஏழு மாசம் சோறு போட்டு ஆச்சி என்னத்தக் கண்டாகன்னு நெனப்பா. நெனக்கட்டும். செருப்பு மாதிரி ஆகிறக் கூடாது. குதிங்கால்ல தோலு உரிஞ்சது யாருக்கு, எனக்கா?

"சொல்லுங்க ஆச்சி"ன்னு எடுத்தா. பின்னால குக்கர் விசில். "சாப்பிட்டியா தெய்வானை"ன்னேன். "இன்னும் இல்ல ஆச்சி, மேலுக்கு நல்லாருக்கா, காய்ச்ச விட்ருச்சா?" எப்பவோ வைகாசியில வந்த காய்ச்சல், நான் இவகிட்டச் சொல்லல. அவன்தான் சொல்லியிருக்கணும். பேசிக்கிறாக. பேசாமலா இருப்பாக. அது ஒரு பக்கம் குத்துச்சு, ஒரு பக்கம் சந்தோசமாவும் இருந்துச்சு, எனக்குக் காய்ச்சன்னு அவன் யாருகிட்டயோ கவலையாச் சொல்லியிருக்கான்ல. "ஒண்ணு கேக்கணும், தப்பா எடுக்காத. வாட்ச் கடையில நிக்கிறேன். வயிரவனுக்கு மணிக்கட்டு சின்னதா பெருசா?" குக்கர் மறுபடி விசில் அடிக்குது, அவ நிறுத்தப் போகல. "உங்க மகனுக்கா?"ன்னா. "ஆமா"ன்னேன். "எனக்குத் தெரியலையே ஆச்சி." வேணும்னே சொல்றாளோன்னு ஒரு நெனப்பு வந்து, வந்த சுருக்குல போயிருச்சு, கொரல் அப்படி இல்ல. "ஆறாவதுல ஏற்காட்டு ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டோம் ஆச்சி. அதுக்கப்புறம் கோயமுத்தூர் காலேஜு, அப்புறம் உங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் பூனாவுல வேலை. லீவுக்கு வந்தா ரெண்டு நாளு, மூணு நாளு. வாட்ச் கட்டுவானா மாட்டானான்னுகூட எனக்கு... எனக்குத் தெரிஞ்சது பத்து வயசுக் கையி. அது ஒல்லி. கறுப்புக் கயிறு கட்டியிருப்பேன், அதுவே சுத்திச் சுத்தி வரும்." அப்புறம் அவளே, "மஞ்சத்தண்ணி அன்னைக்கி நான்தானே அவன் கையப் பிடிச்சு உங்க கையில குடுத்தேன். அப்பவாச்சும் பாத்துருக்கணும். நான் தரையப் பாத்துக்கிட்டிருந்தேன் ஆச்சி." "நான் கிண்ணத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்"னேன். ரெண்டு பேரும் போனை வைக்கல. ஒரு கைய ரெண்டு பேரு பிடிச்சுருந்துருக்கோம், ரெண்டு பேரும் பாக்கல. "கேட்டுச் சொல்லட்டுமா?"ன்னா கடைசியில. "வேண்டாம், நானே கேட்டுக்கிறேன். நீ குக்கரை எறக்கு"ன்னேன். "பெருசா எடுக்கப்போறீகளா?"ன்னு அவசரமாக் கேட்டா, வைக்கிறதுக்கு முன்னாடி. "தெரியலத்தா"ன்னேன். அவளுக்கு அழுகை வந்துருச்சு போல, வச்சுட்டா.

கதவு தொறக்குது. வயிரவன். செக்யூரிட்டி அவன் மூஞ்சியப் பாக்கல, நேரா அவன் கையத்தான் பாக்குறாரு, கணக்குப் பாக்குறவரும் எட்டிப் பாக்குறாரு, கோட்டுப் போட்டவரும். அவனுக்கு ஒண்ணும் புரியல, சட்டையில ஏதும் கறையான்னு குனிஞ்சு பாத்துக்கிறான். பெட்டியுமில்ல, ரிப்பனுமில்ல, தட்டுல ரெண்டும் அப்படியே மல்லாந்து கெடக்கு. மறைக்கவும் எனக்கு நேரமில்ல. "சுவர்க்கடிகாரம் பாக்கலீங்களா?"ங்குறான். "இல்லப்பா. கல்யாணத்துக்கு உனக்கு இது. எந்த அளவுன்னு தெரியல. உக்காரு, கையக் குடு." சரிங்கன்னு உக்காந்தான். பட்டனக் கழட்டி மடிச்சான். ஜெனிஷா நாப்பத்தொண்ண எடுத்து மாட்டிவிட்டா. பாத்தேன். ஒல்லியுமில்ல, பட்டையுமில்ல. மாநெறம். உள்பக்கம் பச்சையா ரெண்டு நரம்பு, குறுக்க ஒரு பழைய வெட்டுத் தழும்பு, சைக்கிள்ல விழுந்ததா, ஹாஸ்டல்ல யாரோடயும் சண்டையா, யாரு மருந்து போட்டா? அவன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அதைக் கழட்டிட்டு ஜெனிஷா முப்பத்தாற மாட்டிவிட்டா. அதையும் பாத்தான். "எதுப்பா?" "ரெண்டும் நல்லாத்தான் இருக்குங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எடுங்க." அவ்வளவுதான். வந்துருச்சு. நான் எதுக்குப் பயந்தேனோ அதே வார்த்தை, மரியாதையா, மடிச்சு வச்ச துண்டு மாதிரி. பெருச எடுன்னா பெருசு, சின்னதுன்னா சின்னது. எனக்கு ஒரேயடியா அசதியா வந்துச்சு. எதையோ எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்னு இருந்துச்சு. என்னமோ தெரியல, சொல்லிட்டேன், "தெய்வானைக்குப் போன் போட்டுக் கேட்டேன்ப்பா. உன் மணிக்கட்டு எப்படின்னு. அவளுக்கும் தெரியல."

அவன் நிமிந்து பாத்தான். "அவுககிட்டயா கேட்டீங்க?" "ஆமா." "நீங்களா கேட்டீங்க?" "நான்தான். வேற யாரக் கேக்குறது?" "தெரியலன்னாகளா?" "பத்து வயசுக் கையத்தான் தெரியும்னா." அவன் தன்னோட கையவே பாத்துக்கிட்டிருக்கான், வேற யாரோடதையோ பாக்குற மாதிரி. ஜெனிஷா என்னமோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்டா, நல்ல பொண்ணு, ரெண்டடி பின்னால போய்த் தட்டைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டா. வெளிய ஆட்டோக்காரன் ஹாரன அமுக்குறான். சொல்லியிருக்கக் கூடாதோ, அவனப் பெத்தவள அவன்கிட்டயே காட்டிக்குடுத்துட்டேனோ, தெரியாதுன்னு சொன்னது அவளுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துருக்கும், அதப் போய் இவன்கிட்ட. அவன் பெருச எடுத்து மறுபடி வச்சுப் பாத்தான், பட்டையப் பூட்டாம. கைய மடக்குனான், நீட்டுனான். "எனக்கு இது பிடிக்கல"ன்னான். மெதுவாத்தான். சொல்லிட்டு அவனுக்கே கொஞ்சம் பயம். "கைய மடக்குனா சாவி குடுக்குற திருகு இங்க வந்து குத்துது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்ல வேலை, எரிச்சலா இருக்கும். அப்புறம் இது... பெரிய மனுசன் வேசம் போட்ட மாதிரி இருக்கு. சின்னதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு." நான் அவன் வாயவே பாத்துக்கிட்டிருக்கேன். பிடிக்கல. ஏழு மாசத்துல இந்த வாய்லருந்து இப்பத்தான். விலைய நெனச்சுச் சொல்றானோ? இல்ல. விலைய நெனச்சவன் குத்துதுன்னு சொல்லமாட்டான், எரிச்சல்னு சொல்லமாட்டான். "நல்லாப் பாத்துச் சொல்லு, சம்பந்தி வீட்டுல எல்லாம் பாப்பாக"ன்னேன், வேணும்னே. "பாக்கட்டுங்க. கட்டப்போறது நான்தானே"ன்னான். அடேயப்பா. "சின்னதையே போடும்மா"ன்னேன், ஜெனிஷாவுக்குப் பல்லெல்லாம் தெரியுது.

பெட்டி கட்டுறவரைக்கும் சும்மா உக்காந்துருந்தோம். கையைச் சட்டைக்குள்ள இழுத்துக்கல அவன், அப்படியே மேசை மேல போட்டுருந்தான். எனக்கு அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு கேக்கணும். கேப்பேன், இன்னொரு நாளைக்கி. அவன் தொண்டையச் செருமுனான். "இன்னொண்ணு சொல்லலாங்களா?" "சொல்லு." "அந்த ஷெர்வானி." நான் எடுத்த துணி, மெரூன் கலரு, தங்கச் சரிகை, ரெண்டு நாளு கடைக்கடையா ஏறி எறங்கி எடுத்தது. "அதுக்கென்ன?" "இப்பப் போட்டுப் பாத்தேன். கண்ணாடியில பாத்தா..." "பாத்தா?" "கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்க வந்தவன் மாதிரி இருக்கேன்." ஜெனிஷா குபுக்குன்னு சிரிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டா. எனக்குச் சிரிப்பும் வருது, கோவமும் வருது, எது மொத வருதுன்னு தெரியல. தைச்சு முடிச்சாச்சு. காசும் குடுத்தாச்சு. பட்டனெல்லாம் வச்சாச்சு. கோவம்தான் மொத வந்துச்சு, வயித்துலருந்து, வயிறு நெறஞ்சு, சாலாவ வையும்போது வருமே அது மாதிரி. மேசையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். "ஏன்டா, துணி எடுக்கும்போது பக்கத்துலதானே நின்ன? நல்லாருக்கா நல்லாருக்கான்னு எத்தனை தரம் கேட்டேன்? வாயத் தொறந்து அப்பவே சொல்றதுக்கென்ன ஒனக்கு?" கொரல் எனக்கே பெருசாக் கேட்டுச்சு. கடையே திரும்பிப் பாக்குது. பாக்கட்டும்.